360 டிகிரி வி.ஆர். படம் ஒட்ட, புதிதாகத் தொடங்குபவருக்கு எந்த மென்பொருள்?

சோலைக்குருவி, கோத்தகிரி

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. இந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்குள் போனைச் செருகி, சோலைக்குள் நிற்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு சோலை, ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு டீ ஃபேக்டரியின் உள்பக்கம், கோடநாடு காட்சிமுனை. இந்த நாலு இடம் போதும்.

கையில் இருப்பது தம்பியின் பழைய டி.எஸ்.எல்.ஆர்., அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு ட்ரைபாட், 8 ஜி.பி. ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். செலவழிக்கப் பணம் கிடையாது. தேடினால் "சிறந்த 10 மென்பொருள்" என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. பாதி இணைப்பைத் திறந்தால் பக்கமே இல்லை. படம் எடுக்கத் தெரியும், பல படங்களை இணைத்து ஒரே 360 படமாக ஒட்டுகிற இந்த வேலைதான் புதிது. எதில் தொடங்கட்டும்?

கேத்தி ஸ்டேஷன்

டீச்சர், அந்தப் பட்டியல்கள் எல்லாம் பழசு. தலைப்பில் வருடத்தை மட்டும் மாற்றி மறுபடி மறுபடி போடுகிறார்கள். அதில் இருப்பவை பல இப்போது உயிரோடு இல்லை.

மைக்ரோசாஃப்டின் ஐ.சி.இ. ஒரு காலத்தில் புதியவர்களுக்கு ரொம்ப எளிது. படங்களை இழுத்துப் போட்டால் ஒட்டிக் கொடுத்துவிடும். இப்போது அவர்கள் தளத்தில் அது கிடைப்பதில்லை. ஆட்டோபானோ என்ற ஒட்டும் மென்பொருளைச் செய்த நிறுவனத்தை 2015-இல் கேமரா நிறுவனமான கோப்ரோ வாங்கியது, 2018-இல் மூடியது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு சேவையான ஃபோட்டோசின்த் 2017-இல் போனது. பள்ளிக்கூடங்களில் பலர் நம்பியிருந்த கூகுள் டூர் கிரியேட்டர் 2021-இல் நின்றது. போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாலே 360 படம் தந்த ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023-இல் போய்விட்டது. இவற்றின் நிறுவல் கோப்பை யாராவது ஏதாவது தளத்தில் வைத்திருப்பார்கள். பள்ளி லேப்டாப்பில் அதையெல்லாம் ஏற்றாதீர்கள்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். உங்கள் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் தளத்தில் மட்டும் காட்டும் சேவை எதையும் நம்பித் தொடங்க வேண்டாம். கேமராவில் எடுத்த மூலப் படங்களும், ஒட்டி முடித்த ஒரே பெரிய ஜேபெக் கோப்பும் உங்கள் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதைக் கையில் தராத மென்பொருள் எவ்வளவு எளிதாக இருந்தாலும் வேண்டாம்.

குன்னூர் ஸ்டுடியோ

ரிசார்ட் வேலைக்காக நான் தினமும் பயன்படுத்துவது பி.டி.குயி. நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் மென்பொருள், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வேகம் நன்றாக இருக்கும், ஒட்டு சரியாக விழாத இடத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ட்ரைபாடைத் தூக்கிவிட்டு, கையில் பிடித்து எடுத்த தரைப் படத்தைக்கூட அதன் ப்ரோ பதிப்பு கோணம் திருத்தி உட்கார வைத்துவிடும். சோதனைப் பதிப்பு இலவசம், ஆனால் படம் முழுக்க வாட்டர்மார்க் விழும்.

சம்பாதிக்கிறவருக்குப் போட்ட பணம் வந்துவிடும். நாலு படத்துக்காகப் பள்ளியை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ரன்னிமேடு

டீச்சருக்கு ஹூகின்தான். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நெட் இல்லாமலும் வேலை செய்யும், நம் மலையில் இது சின்ன விஷயமில்லை.

பி.டி.குயியா ஹூகினா என்று அடித்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஜெர்மனியில் பேராசிரியராக இருந்த ஹெல்முட் டெர்ஷ் 1998 வாக்கில் பானோரமா டூல்ஸ் என்ற கருவிகளை எழுதி இலவசமாக வெளியிட்டார். அவற்றுக்கு முகப்பாகத் தொடங்கியதுதான் பி.டி.குயி. ஹூகினும் அதே வழியில் வந்ததுதான். அதனால் ஒன்றில் பழகிய பாடம் மற்றதில் வீணாகாது.

திறந்ததும் எளிய முகப்பு வரும். படங்களை ஏற்று, அலைன் அழுத்து, பானோரமாவை உருவாக்கு. இந்த மூன்று பொத்தானில் முதல் படம் வந்துவிடும். முதலில் கோடநாட்டில் பழகுங்கள். மாயார்ப் பள்ளத்தாக்கு எல்லாம் தூரத்தில் இருப்பதால் தப்புகள் அதிகம் தெரியாது. சோலையைக் கடைசியில் வையுங்கள்.

18 மி.மீ.யில் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் குறுக்கே சுமார் 47 டிகிரி, மேல்கீழாக 66 டிகிரி பிடிக்கும். பக்கத்துப் படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஆகவே 30 டிகிரிக்கு ஒன்று, சுற்றுக்கு 12. நேராக ஒரு சுற்று, 45 டிகிரி மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, அப்புறம் உச்சி ஒன்று, தரை ஒன்று. மொத்தம் 38. மேல் சுற்றுக்கும் கீழ் சுற்றுக்கும் அத்தனை தேவையில்லைதான். ஆனால் எல்லாவற்றையும் 12 என்றே வைத்தால் எண்ணிக்கை குழம்பாது.

எடுக்கும்போது மேனுவல் மோட். ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ., வெள்ளைச் சமன், ஃபோகஸ் எதுவும் நடுவில் மாறக் கூடாது. ஜூம் வளையம் நகராமல் 18-இல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

மஞ்சூர்க்காரன்

38 படமா! எடுத்து முடிப்பதற்குள் அவலாஞ்சிப் பக்கத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் படத்தில் வெயில், முப்பதாவதில் வெள்ளைச் சுவர்.

இரண்டு பக்கமும் லென்ஸ் வைத்த 360 கேமரா 2013-இல் ரிக்கோ தீட்டா வந்ததிலிருந்தே கிடைக்கிறது. ஒரு சொடுக்கு, ஒட்டுவதையும் அதுவோ அதன் செயலியோ பார்த்துக்கொள்ளும். யாரிடமாவது ஒரு நாள் வாடகைக்கு வாங்குங்கள். மென்பொருள் பற்றிய கேள்வியே தேவையில்லை.

குன்னூர் ஸ்டுடியோ

மஞ்சூர்க்காரர் சொல்வதில் பாதி சரி. ஃபேக்டரிக்குள் ஆள் நடமாட்டம் நிற்காது. வாட்டும் தொட்டியில் கொழுந்து பரப்புகிறவர், ரோலர் பக்கத்தில் நிற்கிறவர் எல்லாரையும் 38 படம் முடியும்வரை நிறுத்தி வைக்க முடியாது. அங்கே ஒரே சொடுக்கில் எடுப்பது புத்திசாலித்தனம்.

சோலை அப்படியில்லை. உள்ளே பகலிலேயே பாதி இருட்டு. சின்ன சென்சார் உள்ள 360 கேமராவில் பாசி, பெரணி எல்லாம் ஒரே பச்சைக் குழம்பாக வரும். அட்டைப்பெட்டிக்குள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாக்கித்தான் பார்க்கப் போகிறார்கள். ட்ரைபாடில் குறைந்த ஐ.எஸ்.ஓ. வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வினாடி இரண்டு வினாடி திறந்து எடுத்தால் மரப்பட்டையில் ஒட்டிய ஆர்க்கிட்கூடத் தெரியும். காற்று அடித்தால் மட்டும் இலைகள் கலங்கும். விடிந்ததும் காற்று எழுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

சோலைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. ஹூகின் இறக்கிவிட்டேன். கோடநாட்டில் எடுத்த படங்களைப் போட்டேன். கீழ்ப்பாதி அழகாக ஒட்டியது. மேலே வானப் படங்கள் இணையவில்லை என்று சொல்கிறது. சிலவற்றைத் தலைகீழாக வேறு வைத்திருக்கிறது. மஞ்சூர்க்காரர் சொன்ன மஞ்சும் பள்ளத்தாக்கில் நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

ரன்னிமேடு

இது மென்பொருளின் குறை இல்லை. ஹூகின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் வழி தானாகத் தெரியும். இரண்டு படத்திலும் ஒரே பாறை முனை, ஒரே கிளைக் கவை எங்கே இருக்கிறது என்று தேடி ஜோடி ஜோடியாகப் புள்ளி வைக்கும். அதற்குக் கண்ட்ரோல் பாயிண்ட் என்று பெயர். அந்தப் புள்ளிகள் பொருந்துகிற மாதிரி ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போடும். வெறும் நீல வானத்திலும் மஞ்சிலும் புள்ளி வைக்க ஒன்றுமில்லை. மேகத்தில் வைத்தால் இன்னும் மோசம், அடுத்த படத்துக்குள் மேகம் நகர்ந்துவிடும், கணக்கே கோணலாகும்.

இதற்கென்றே ஹூகினில் செலஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. மேகத்தின்மேல் விழுந்த புள்ளிகளை அடையாளம் கண்டு நீக்கும். எளிய முகப்பிலிருந்து மேம்பட்ட முகப்புக்கு மாறினால் படங்கள் தாவலில் கிடைக்கும். அதை ஓட்டுங்கள். பிறகு புள்ளிகளின் அட்டவணையைத் தூரவாரியாக, அதாவது ஜோடிப் புள்ளிகள் எவ்வளவு பொருந்தாமல் விலகுகின்றன என்ற கணக்கில், வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் பெரிய எண்களைத் திறந்து பாருங்கள். அவை பெரும்பாலும் மஞ்சில் மாட்டியவையாக இருக்கும். அழித்துவிட்டு மறுபடி ஆப்டிமைஸ்.

அப்படியும் இணையாத வானப் படங்களுக்குக் கையாலேயே இடம் சொல்லலாம். நீங்கள் 30 டிகிரிக்கு ஒன்றாக எடுத்திருக்கிறீர்கள் அல்லவா? மேல் சுற்றின் மூன்றாவது படத்துக்குப் பக்கத் திருப்பம் 60, ஏற்றம் 45 என்று எண்ணை அடித்துவிடுங்கள். இந்த எண்கள் நேர்ச் சுற்றின் முதல் படம் பூஜ்யத்தில் இருந்தால்தான் சரி, இல்லையென்றால் அந்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் வானம்தானே, ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலும் யாருக்கும் தெரியாது. இதனால்தான் ட்ரைபாட் தலையில் டிகிரிக் கோடு இருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு வட்ட அட்டையில் 12 கோடு போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கண்ட்ரோல் பாயிண்டில் நெட்டுக்கோடு என்று ஒரு வகை உண்டு. மலையில் நேரான அடிவானம் கிடைக்காது, சரிவை அடிவானம் என்று நினைத்துப் படம் சாய்ந்துவிடும். கட்டட மூலை, விளக்குக் கம்பம், காட்சி கோபுரத்தின் தூண், இப்படி நிச்சயமாக நெட்டாக நிற்கும் இரண்டு மூன்றில், வேறு வேறு திசைகளில், அந்த வகைப் புள்ளியை வையுங்கள். தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் நேராகத்தான் தெரியும், ஆனால் சரிவில் பல மரங்கள் லேசாகச் சாய்ந்திருக்கும், நம்ப வேண்டாம்.

சோலைக்குருவி

செலஸ்ட் வேலை செய்தது! வானம் உட்கார்ந்துவிட்டது. இப்போது வேறு பிரச்சினை. வீட்டு முற்றத்தில் எடுத்துப் பார்த்தேன். தூரத்து மலை சரியாக ஒட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் கேட் கம்பி மட்டும் உடைந்து உடைந்து வருகிறது. எத்தனை புள்ளி சேர்த்தாலும் சரியாகவில்லை.

ரன்னிமேடு

அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. பி.டி.குயி வாங்கினாலும் கேட் அப்படியேதான் இருக்கும். கேமரா எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது என்பதுதான் விஷயம். ட்ரைபாட் திருகு இருப்பது கேமராவின் அடியில், சென்சார் பக்கம். ஆனால் ஒளி நுழையும் வாசல் லென்ஸுக்குள் முன்பக்கமாக இருக்கிறது. கேமராவைத் திருப்பும்போது அந்த வாசல் சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தூரத்து மலைக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு மீட்டரில் இருக்கும் கம்பிக்கு அது பெரிய நகர்வு. சோலையில் மரங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னேன்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மூங்கில் குச்சி போதும். கேமராவுக்கு முன்னால் ஒரு மீட்டரில் குச்சியை நட்டு, அது தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தை மறைக்கிற மாதிரி நில்லுங்கள். கேமராவைத் திருப்பி, அந்த ஜோடியைப் படத்தின் இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் வலது ஓரத்துக்கு. இரண்டு ஓரத்திலும் குச்சி கம்பத்தை மறைத்தபடியே இருந்தால் சரி. விலகினால் கேமராவைத் திருகிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி பாருங்கள். விலகல் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், 18 மி.மீ.யில் அந்த லென்ஸுக்கு அது மாறாது.

பின்னால் தள்ளி நிறுத்துவதற்கும் மேலும் கீழும் சாய்ப்பதற்கும் கடையில் பானோரமா ஹெட் விற்கிறார்கள், விலை அதிகம். வெல்டிங் பட்டறையில் பட்டையான அலுமினியத்தில் எல் வடிவம் இரண்டு வளைத்து, ஒரு நீளத் துளை போட்டுத் தரச் சொன்னால் அதே வேலை நடக்கும். கோத்தகிரியில் கேட், கிரில் அடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

மஞ்சூர்க்காரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், குச்சி வைத்தியம் நன்றாக இருக்கிறது. ஃபேக்டரிக்கு மட்டும் 360 கேமரா என்ற என் கட்சியை விடமாட்டேன்.

அப்புறம் சோலை என்றால் எந்தச் சோலை? கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த இடம் அது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற சோலை. ட்ரைபாடை நாற்றுகள்மேல் விரித்துவிடாதீர்கள். மழை விட்டதும் போனால் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி காலில் ஏறும். 38 படமும் முடியும்வரை அசையாமல் நிற்பவரை அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

லவ்டேல் அக்கா

எல்லாரும் ஒட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், காட்டுவதை யாரும் கேட்கவில்லை. அது தனி மென்பொருள் டீச்சர், இரண்டையும் ஒன்றாக நினைத்தால் குழப்பம்தான் வரும்.

ஹூகின் தருவது அகலம் இரண்டு பங்கு, உயரம் ஒரு பங்கு உள்ள ஈக்விரெக்டாங்குலர் படம். உருண்டையான பூமியை உலக வரைபடமாகச் சுவரில் மாட்டுவதைப் போன்றது, துருவப் பக்கம் எல்லாம் இழுபட்டுத் தெரியும். அதைத் திரும்ப உருண்டையாக்கி நடுவில் நம்மை நிறுத்துவது காட்டும் மென்பொருளின் வேலை.

கம்ப்யூட்டரில் மவுஸால் இழுத்துப் பார்க்க பன்னெல்லம் நல்லது, இலவசம், ரொம்பச் சின்னது. நாலு இடத்தையும் அம்புக்குறியால் இணைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டுமென்றால் மார்ஸிபானோ டூல். இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே துண்டு போட்டு, ஜிப் கோப்பாகக் கொடுத்துவிடும். இந்த இரண்டிலும் கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கு செய்து திறந்தால் பெரும்பாலும் படம் வராது. உள்ளூர்க் கோப்பைப் படிக்க உலாவி விடாது. கம்ப்யூட்டரில் சின்ன சர்வர் ஒன்றை ஓட்டி, அதன் வழியாகத் திறக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழி கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரே வரிக் கட்டளை.

அட்டைப்பெட்டிக்குத் திரை இரண்டாகப் பிரிய வேண்டும். பன்னெல்லம் போனை அசைத்தால் திரும்பும், ஆனால் இரண்டாகப் பிரிக்காது. ஏ-ஃப்ரேம் என்று திறமூலக் கருவி இருக்கிறது. ஒரு சின்னப் பக்கத்தில் இந்தப் படத்தை வானமாகப் போர்த்து என்று ஒரு வரி எழுதினால் போதும், திரையை இரண்டாகப் பிரிக்கும் பொத்தானை அதுவே தரும். பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இருந்தால்தான் போனின் அசைவை உலாவி படிக்க விடும். அதனால் கிட்ஹப் பேஜஸ் மாதிரி இணையப் பக்கம் வைக்கும் இலவச இடத்தில் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் போன்களைச் சோதியுங்கள். விலை குறைந்த பல போன்களில் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் கிடையாது. அது இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் படம் ஒழுங்காகத் திரும்பாது. கண்காட்சிக்கு முதல் நாள் இது தெரிந்தால் கஷ்டம்.

சோலைக்குருவி

அக்கா, இதை யாருமே சொல்லவில்லை! கேட்டதற்கு நல்லதாகப் போயிற்று. படத்தின் அளவு எவ்வளவு வைக்கட்டும்? ஹூகின் தானாகக் காட்டுவது முப்பதாயிரம் பிக்சல் அகலம். லேப்டாப் மூச்சு வாங்குகிறது. கீழே ட்ரைபாட் காலும் தெரிகிறது.

லவ்டேல் அக்கா

அவ்வளவு வேண்டவே வேண்டாம். அகலக் கட்டத்தில் கையாலேயே 8192 என்று போடுங்கள், உயரம் 4096 வரும். பழைய போன்களுக்கு 4096-க்கு 2048 என்று இன்னொன்று. இதைவிடப் பெரிய படத்தை ஒரே துண்டாகக் கொடுத்தால் பல போன்களின் கிராஃபிக்ஸ் சிப் ஏற்காது, கறுப்புத் திரைதான். பெரிய படமே வேண்டுமானால் பன்னெல்லத்தோடு வரும் ஒரு நிரல் அதைச் சின்னச் சின்ன ஓடுகளாக வெட்டித் தரும். அதற்கும் ஹூகினின் கருவிதான் உள்ளே ஓடுகிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். சுருக்கிவிடும், 360 படம் என்ற குறிப்பும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேத்தி ஸ்டேஷன்

ட்ரைபாட் காலை மறைக்க ஜிம்ப், இலவசப் படத் திருத்த மென்பொருள். அதன் 2.10 பதிப்பிலிருந்து ஃபில்டர்களில், மேப் என்ற பிரிவில், பானோரமா ப்ரொஜெக்‌ஷன் இருக்கிறது. கோணத்தை நேர் கீழே திருப்பினால் இழுபட்ட தரை சாதாரணப் படமாகத் தெரியும். க்ளோன் கருவியால் சருகையோ புல்லையோ காலின்மேல் போர்த்திவிட்டு, அதே எண்களோடு எதிர்த்திசைக்கான கட்டத்தில் குறியிட்டுத் திரும்ப ஓட்டினால் பழைய இடத்தில் போய் உட்காரும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். சோம்பலாக இருந்தால் பள்ளி முத்திரையை வட்டமாக வெட்டி அங்கே வைத்துவிடுங்கள், பல பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

சோலைக்குருவி

ஆசிரியர்கள் போன்களைச் சோதித்தோம். ஜைரோ இருப்பவை சிலதான். அவற்றை அட்டைப்பெட்டிக்கு ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் அறையில் மீதிப் பிள்ளைகளுக்குப் பன்னெல்லம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒட்டுவதற்கு ஹூகின். ஃபேக்டரிக்கு மட்டும் 360 கேமரா வாடகை விசாரிக்கிறேன், மஞ்சூர்க்காரர் சந்தோஷப்படலாம். வனத்துறைக்கு மனு எழுதியாயிற்று. எல் பட்டைக்குப் பட்டறையில் அளவு கேட்கிறார்கள், அதுதான் பாக்கி.

குன்னூர் ஸ்டுடியோ

பட்டறைக்குப் போகும் முன் கேமராவையும் தம்பியையும் இங்கே அனுப்புங்கள், என் ஹெட்டில் மாட்டி அளவு எடுத்துத் தருகிறேன். ரொம்ப அகலமாகப் பிடிக்கும் 8 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, உங்கள் கேமராவுக்குப் பொருந்தினால் சோலைக்கு எடுத்துப் போங்கள். சுற்றி 6, உச்சி, தரை என்று 8 படத்தில் முடிந்துவிடும். ஹூகினில் லென்ஸ் வகையை ஃபிஷ்ஐ என்று மாற்ற வேண்டும், குச்சிச் சோதனையை அந்த லென்ஸுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் ஒரு கல்யாண ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.